பார்த்தவரை மூன்று

வாய்க்கால் வரம்பில் கால் வைத்ததும் விமலேஸ்வரி ரீச்சர் இரண்டில் தொடங்கிவிடுவார். இரண்டு, நாலு, எட்டு, பதினாறு. உதடு மட்டும் அசையும். முப்பத்திரண்டில் குடையை இடக்கைக்கு மாற்றுவார். அறுபத்து நாலில் சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்துச் சேற்றைத் தாண்டுவார். நூற்று இருபத்தெட்டுக்கும் இருநூற்று ஐம்பத்தாறுக்கும் நடுவில் யாராவது எதிர்ப்பட்டே தீருவார்கள். வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர், மாடு தேடி வருகிறவர், யாரோ ஒருவர். "என்ன ரீச்சர், பள்ளிக்கூடமோ?" என்று கேட்பார்கள். காலை வேளையில் வெள்ளைச் சேலையும் குடையுமாகப் போகிற ஒரு பெண் வேறெங்கே போவாள்? ஆனாலும் ரீச்சர் நின்று, யோசித்து, "ஓம், பள்ளிக்கூடம்தான் எண்டு நினைக்கிறன்" என்பார். கணக்கு அறுந்துவிடும். அடுத்த நாள் மறுபடியும் இரண்டில் ஆரம்பம்.

தர்மபுரத்துக் குடியேற்றத்தில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. தகப்பனார் ஐயாத்துரை, அரசாங்கம் காடு வெட்டிக் காணி கொடுத்த காலத்தில் குடாநாட்டிலிருந்து வந்தவர். மகள் ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு, யாழ்ப்பாணத்தில் இடம் கிடைத்தும் வேண்டாமென்று இங்கேயே கணிதம் படிப்பிக்க வந்துவிட்டார். முப்பதைத் தாண்டியவர். மெலிந்த உடம்பு. பேசும்போது கழுத்துச் சங்கிலியை விரலில் சுற்றிக்கொண்டே இருப்பார். கவலை அதிகமான நாட்களில் அந்த விரல் நுனி சிவந்து போயிருக்கும். பிள்ளைகள் அவருடைய முகத்தைப் பார்ப்பதில்லை, விரலைத்தான் பார்த்துக்கொள்வார்கள்.

எதையும் அறுதியிட்டுச் சொல்ல அவருக்கு வாய் வராது. பஸ் வருமா என்று கேட்டால், "வராமல் விடாது எண்டு நினைக்கிறன்." மழை பெய்யுமா என்றால், "பெய்தாலும் பெய்யும்." பள்ளிக்கூட அலுமாரியைப் பூட்டிவிட்டுப் படலைவரை வந்து திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பார். பூட்டுத்தான் இருக்கும். அதைக் கண்டதும் நிம்மதி வர வேண்டுமல்லவா? வராது. வீட்டுக் குசினியில் அடுப்பைப் பார்த்தோமா என்ற கவலை அந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒன்று போனால் ஒன்று, அவரிடம் கவலைக்குப் பஞ்சமே கிடையாது.

'மாட்டேன்' என்ற சொல்லும் அவரிடம் கிடையாது. அயலார் ஆட்டைக் கட்டிவிட்டுப் போவார்கள், பார்த்துக்கொள்வார். நிலஅளவைக் கந்தோருக்கு விண்ணப்பம் எழுதச் சொல்வார்கள், எழுதிக் கொடுப்பார். ஒருமுறை ஒரே முகூர்த்தத்தில் நடந்த இரண்டு கலியாணங்களுக்கும் வருவதாகச் சொல்லிவிட்டு, ஒன்றில் சோறும் மற்றதில் சோறும் சாப்பிட்டு, இரண்டு நாள் சுக்குத்தண்ணீர் குடித்துக்கொண்டு கிடந்தார். "முதல் வீட்டில சாப்பிடாமல் வந்திருக்கலாமே?" என்று தாயார் கேட்டதற்கு, "இலை போட்டவை எல்லோ அம்மா, எப்பிடி எழும்புறது?" என்றார்.

தாயார் அன்னபாக்கியத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, ஆனால் குறை அங்கேதான் தொடங்குகிறது. அந்த வீட்டில் தானியத்தின் பக்கம் 'இல்லை' என்ற சொல்லைக் கொண்டுபோகக் கூடாது. அரிசிப் பானை காலியானால் அன்னபாக்கியம், "பானை நிறைஞ்சு கிடக்கு, நெல்லு அவிக்கோணும்" என்பார். மூத்த மகளைக் கட்டிய பரமலிங்கம் வந்த புதிதில் இதை நம்பி, கூட்டாளிகள் இருவரைச் சோற்றுக்குக் கூட்டி வந்துவிட்டார். அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காமல் அந்த வீட்டில் ஒரு பொங்கலும் போவதில்லை.

சூடடிக்கும் களத்தில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. அங்கே 'முடிஞ்சுது' என்று யாராவது சொன்னால் அடுத்த போகம் படுத்துவிடும் என்பது ஐயாத்துரையின் நம்பிக்கை. குவிந்த பொலியை மரைக்கால் மரைக்காலாக அளந்துகொண்டே வருவார். அடியில் கொஞ்சம் மிஞ்சும்போது அளப்பதை நிறுத்திவிடுவார். அந்த மிச்ச நெல்லை அளக்காமல், எண் சொல்லாமல், ஓலைக் கடகத்தில் வாரிக்கொண்டு போக வேண்டும். கணக்கை மூடிவிட்டால் பெருகாதாம். சின்ன வயதில் அந்தக் கடகத்தைத் தூக்குகிற வேலை விமலேஸ்வரிக்குத்தான். எத்தனை கொத்து இருக்கும் என்று மனம் எண்ணத் துடிக்கும்; எண்ணினால் பாவம் என்று பயமாகவும் இருக்கும். அந்தத் துடிப்பும் பயமும் இன்றுவரை அவரை விட்டுப் போகவில்லை.

இப்படி வளர்ந்த ஒருவருக்குக் கணிதம் வாய்த்தது யாருடைய குறும்போ தெரியவில்லை. கணிதத்தில் ஒரு விடையைக் கண்டுபிடித்தால் போதாது. வேறு விடை கிடையாது என்றும் சொல்லிக் கணக்கை மூட வேண்டும். ரீச்சருக்குக் கண்டுபிடிப்பதில் ஒரு குறையும் இல்லை. மூடுகிற இடத்தில்தான் பேனை நின்றுவிடும்.

அதிலும் அவருக்குப் பிடித்தவை அடுக்கு ஏறிய சமன்பாடுகள். இரண்டை இத்தனை தரம் தன்னாலேயே பெருக்கு, இவ்வளவு கூட்டு, வருகிற தொகை ஒரு வர்க்க எண்ணாக இருக்க வேண்டும். எல்லாம் முழு எண்ணாகவே இருக்க வேண்டும். தசமத்தில் ஒளிந்து தப்ப வழியில்லை. வரும், அல்லது வராது. இப்படியொரு கண்டிப்பு அவருடைய வாழ்க்கையில் வேறெங்கும் கிடையாது. அதனாலேயே அவற்றை அவர் இவ்வளவு விரும்புகிறாரோ என்னவோ.

ஒரு பாடத்தை மட்டும் அவர் வேறு ஆளாக மாறி நடத்துவார். புளியங்கொட்டைகளை மேசையில் கொட்டி, வர்க்க எண்களாகச் சதுரம் சதுரமாக அடுக்கச் சொல்வார். பிறகு ஒவ்வொரு சதுரத்தையும் நாலு நாலாக ஒதுக்கச் சொல்வார். மிச்சம் வராது, வந்தால் ஒரே ஒரு கொட்டைதான் மிஞ்சும். "இப்ப இரண்டின்ர வலுவை எடுங்கோ. நாலு, எட்டு, பதினாறு, நாலுக்கு மேல என்ன எண்டாலும் எடுங்கோ. நாலு நாலாய்ப் பிரிக்க மிச்சம் வராது. அதோட மூண்டைக் கூட்டினால்?" மூன்று மிஞ்சும் என்று வகுப்பு கத்தும். "மூண்டு மிஞ்சிற சதுரம் உலகத்தில கிடக்கோ?" கிடையாது. அப்போது ரீச்சர் மேசையில் தட்டி, "இல்லை! எத்தினை வருசம் தேடினாலும் இல்லை!" என்பார். சங்கிலியில் விரல் இருக்காது. கண்ணில் ஒரு வெளிச்சம் இருக்கும். அவர் பயமில்லாமல் அந்தச் சொல்லைச் சொல்லி யாரும் கேட்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

மற்றச் சமன்பாடுகளுக்கு அவரிடம் வேறு பாட்டு. "ஒரு விடை கிடைச்சால் துள்ளாதேங்கோ பிள்ளையள். அதுக்குத் தமையன் தங்கச்சி இருக்கும். தேடிப்போட்டு வாங்கோ." தேடிக்கொண்டு வந்தவர்கள் கடைசி வரியாக 'வேறு விடை இல்லை' என்று எழுதினால் அதை மெல்ல வெட்டி, 'பார்த்தவரை இவை' என்று எழுதிக் கொடுப்பார். இதைப் பிள்ளைகள் வெளியே கேலி செய்வார்கள். சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவிவிட்டு, "பாத்தவரைக்கும் சோறில்லை ரீச்சர்" என்று ஒருவரையொருவர் சீண்டுவார்கள். கேலி செய்தாலும் பழக்கம் தொற்றிக்கொண்டது. அதிலும் ஜெகதீஸ்வரிக்கு நன்றாகத் தொற்றிவிட்டது.

ஜெகதீஸ்வரி அயல்காணி வீரகத்தியின் மகள், எட்டாம் வகுப்பு. வீரகத்தியின் வயல் வாய்க்காலில் மேலே, ஐயாத்துரையின் வயல் கீழே. தண்ணீர் விஷயத்தில் ஒரு நாளும் வாய்த்தர்க்கம் வராத இரண்டு குடும்பங்கள் அந்த வாய்க்காலிலேயே இவர்கள்தான். பெண் கணிதத்தில் கெட்டி. ஆனால் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டுக்கு மேல் விஞ்ஞானம் கிடையாது. இந்த நிலைமையில்தான், யாழ்ப்பாணத்துப் பெண்கள் கல்லூரி ஒன்றின் பழைய மாணவிகள், வன்னியிலிருந்து ஒரு பிள்ளையை விடுதியில் வைத்துச் செலவில்லாமல் படிப்பிப்பதாக அறிவித்தார்கள். ஒரு பிள்ளை, ஒரே ஒரு இடம். கணிதச் சோதனை வைத்துத் தெரிய வேண்டும். கேள்வி போடவும் திருத்தவும் இரண்டு ஆசிரியர்கள்: ஒருவர் விமலேஸ்வரி ரீச்சர், மற்றவர் முல்லைத்தீவிலிருந்து மஹ்றூப் மாஸ்ரர். சோதனை மாங்குளத்தில், இரு பக்கத்தாருக்கும் பொதுவான இடமாக.

மஹ்றூப் மாஸ்ரர் மூத்தவர், நல்ல மனிதர், ரீச்சருக்கு நேர் எதிர். எதையும் பட்டென்று சொல்லிவிடுவார். கடைசிக் கேள்வியை ரீச்சர்தான் போட்டார்: 2ˣ + 17 = y². களத்தில் சூடடிப்பு நடந்துகொண்டிருந்த நாட்களில், பனையோலைத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து தேடிய கேள்வி அது. இரண்டை மூன்று தரம் பெருக்கினால் எட்டு. பதினேழைக் கூட்ட இருபத்தைந்து, ஐந்தின் வர்க்கம். ஐந்து தரம் பெருக்கினால் முப்பத்திரண்டு. கூட்ட நாற்பத்தொன்பது, ஏழின் வர்க்கம். ஆறு தரம் பெருக்கினால் அறுபத்து நாலு. கூட்ட எண்பத்தொன்று, ஒன்பதின் வர்க்கம். ஏழு தரத்தில் நூற்று நாற்பத்தைந்து வந்தது. நூற்று நாற்பத்து நாலாக இருந்திருந்தால் பன்னிரண்டின் வர்க்கம், ஒன்றால் தவறிப்போனது. அந்த ஒன்று அவரைச் சலிக்க வைத்துவிட்டது. எட்டையும் பார்த்தார், வரவில்லை. அதற்குள் தகப்பனார் கடகத்துக்குக் கூப்பிட்டுவிட்டார். மூன்று விடை கண்டதால், 'மூன்று தீர்வுகளைக் காண்க' என்று எழுதி, மாங்குளம் போகிற பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து மாஸ்ரருக்கு அனுப்பினார். பார்த்ததைத்தான் கேட்டார். அதில் ஒரு பிழையும் இல்லை.

தாளை றோனியோவில் அடிக்கும் நாளில் இருவரும் சந்தித்தார்கள். மாஸ்ரர் அந்த வரியைப் பார்த்துச் சிரித்தார்.

"இதென்ன ரீச்சர், சந்தையில மீன் கேக்கிற மாதிரி மூண்டு தா எண்டு கேட்டிருக்கிறியள்? கணக்கெண்டால் எல்லாத் தீர்வையும் காண்க எண்டுதான் கேக்கோணும்."

"அது மாஸ்ரர்..."

"மூண்டுதானே கிடக்கு?"

ரீச்சரின் விரல் சங்கிலிக்குப் போனது. "நான் பாத்தவரைக்கும் ஓம்."

மாஸ்ரர் காதில் விழுந்தது 'ஓம்' மட்டும். 'மூன்று தீர்வுகளை' என்பதை வெட்டி 'சகல தீர்வுகளையும்' என்று திருத்தினார். புள்ளித் திட்டத்தையும் அவரே எழுதினார். ஒரு தீர்வுக்கு மூன்று புள்ளியாக ஒன்பது. வேறு தீர்வு இல்லை என்று கூறி முடித்தால் ஒன்று. வேண்டாம் மாஸ்ரர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரீச்சர் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து அவருக்கு ஒழுங்கான நித்திரை இல்லை.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை சோதனை நடந்தது. வீரகத்தி மகளையும் ரீச்சரையும் ஒரே பஸ்ஸில் கூட்டி வந்தார். வழி முழுக்க அவர் ஒரு வார்த்தைதான் திரும்பத் திரும்பச் சொன்னார். "கிடைக்காட்டிப் படிப்பை மறிச்சுப்போடுவன் ரீச்சர். மாமி வீட்டில பொடியனுக்குக் கேட்டுக்கொண்டிருக்கினம். எட்டுப் படிச்சது காணும்." பெண் யன்னல் பக்கம் திரும்பிக் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ரீச்சர் பஸ் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பாப்பம், பாப்பம்" என்றார்.

அரைச்சுவர் வைத்த வகுப்பறையில் பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வை ரீச்சருக்கு. பேனை கீறுகிற சத்தத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. வாங்குகளுக்கு நடுவே நடக்க நடக்க, பழக்கதோஷத்தில் உதடு தானாக இரண்டில் தொடங்கியது. இங்கே எதிர்ப்பட்டுப் பள்ளிக்கூடமோ என்று கேட்க ஒருவரும் இல்லை. இருநூற்று ஐம்பத்தாறைத் தாண்டினார். ஐந்நூற்றுப் பன்னிரண்டு. பதினேழைக் கூட்ட ஐந்நூற்று இருபத்தொன்பது.

ரீச்சர் நின்றுவிட்டார். இருபத்து மூன்றை இருபத்து மூன்றால் பெருக்கினார். ஐந்நூற்று இருபத்தொன்பது. விரலால் சேலை மடிப்பில் எழுதி மறுபடி பெருக்கினார். அதேதான். ஒன்பது தரம் பெருக்கிய இடத்தில் நாலாவது விடை இத்தனை நாளும் பேசாமல் உட்கார்ந்திருந்தது.  கேள்வியை நிறுத்திவிடலாமா? எல்லோரையும் எழுதாதேங்கோ என்று சொல்லலாமா? மாஸ்ரர் வெளியே கிணற்றடியில் யாரோடோ பேசிக்கொண்டு நின்றார். சொன்னால், போட்ட கேள்வியே தெரியாத ரீச்சர் என்பார்கள். அரைச்சுவர்வரை போனார், திரும்பி வந்தார். மணி அடித்தது.

மத்தியானம் பிள்ளைகள் பாலை மரத்தடியில் சாப்பிட்டார்கள். முல்லைத்தீவிலிருந்து வந்த பெண் பரீனா, மாஸ்ரரின் மாணவி. தாய் சபூறா கட்டிக் கொடுத்த தொதல் இனிப்பை இலையோடு பாதியாகப் பிய்த்து ஜெகதீஸ்வரியிடம் நீட்டினாள். "விடுதியில மீன் தரமாட்டினமாம், உண்மையோ?" என்று கேட்டாள். "எனக்கெப்பிடித் தெரியும்? நீ போய்ப் பாத்துச் சொல்லு" என்றாள் இவள். இருவரும் சிரித்தார்கள். ரீச்சர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தார். இரண்டும் நல்ல பிள்ளைகள், இரண்டுக்கும் இது ஒன்றுதான் வழி.

திருத்தும் வேலை பின்னேரம் நடந்தது. மாஸ்ரர் சிவப்புப் பென்சிலைத் தீட்டி வைத்துக்கொண்டு தாள்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். பரீனாவும் ஜெகதீஸ்வரியும் மற்றவர்களை விட்டு வெகு தூரம் முன்னால் போயிருந்தார்கள். கடைசிக் கேள்விக்கு முன்புவரை இருவருக்கும் ஒரே புள்ளி. கடைசிக் கேள்வியிலும் இருவரும் மூன்று தீர்வுகளையும் கண்டிருந்தார்கள். இரண்டை ஒன்பது தரம் பெருக்கிப் பார்த்தவர் எவரும் இல்லை. பரீனாவின் கடைசி வரி உருண்டையான எழுத்தில் இருந்தது: 'ஆகவே தீர்வுகள் மூன்று. வேறு தீர்வு இல்லை.' ஜெகதீஸ்வரியின் கடைசி வரி: 'நான் பார்த்தவரை மூன்று. மேலும் இருக்கலாம்.'

"பாருங்கோவன்," என்றார் மாஸ்ரர். "உங்கட பிள்ளை நல்லாய்ச் செய்துகொண்டு வந்து கடைசியில வழுக்கிப்போட்டுது. இருக்கலாமெண்டு ஆரும் கணக்கில எழுதுவினமோ? ஒரு புள்ளி போச்சு."

ரீச்சர் எழுந்து போய்ப் பானையில் தண்ணீர் அள்ளிக் குடித்தார். தன் பழக்கம் தன்னோடு நின்றிருக்கக் கூடாதா? அந்த வரியை அந்தப் பிள்ளையின் கையில் எழுதிக் கொடுத்தது தான்தான். அது பிழை என்றாலாவது மனம் ஆறலாம், ஆனால் அதுதான் சரி. அந்த அறையில் அது தெரிந்தவர் அவர் ஒருவர்தான். தெரிந்தும் வாய் திறக்க முடியவில்லை. திறந்தால் என்ன ஆகும்? புள்ளி இந்தத் தாளிலிருந்து அந்தத் தாளுக்குப் போகும். அயல்வீட்டுப் பிள்ளை, ஒரே பஸ்ஸில் கூட்டி வந்த பிள்ளை. சோதனை முடிந்து திருத்துகிற நேரத்தில் நாலாவது விடையைக் கொண்டுவந்து தன் பிள்ளையைத் தூக்கிவிட்டாள் என்று முல்லைத்தீவு முழுக்கப் பேசும். பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியாது. ஜெகதீஸ்வரி மாமி வீட்டுக்குப் போவாள். வீரகத்தி, எங்கட பலன் அவ்வளவுதான் ரீச்சர் என்று சொல்லிவிட்டு வழக்கம்போல் வாய்க்காலைத் திறந்துவிடுவார். அந்தத் தண்ணீரைத் தன் வீட்டு வயலுக்குக் கட்ட வேண்டும்.

"என்ன ரீச்சர், காய்ச்சலோ? முகம் வெளுத்துப் போச்சு. மலேரியாக்காரர் உங்கட பக்கம் மருந்தடிக்கேல்லையோ?"

"அடிச்சவை."

"அப்ப இருங்கோ. முடிவை எழுதிப்போட்டு எழும்புவம். நாலரை பஸ்ஸை விட்டால் எனக்கு வேற இல்லை."

மாஸ்ரர் வெள்ளைத்தாள் ஒன்றை இழுத்து வைத்து, கல்லூரிக்கு அனுப்ப வேண்டிய முடிவை எழுதத் தொடங்கினார். அவருடைய எழுத்து வேகமானது. ரீச்சர் நின்றபடி அந்தப் பேனையைப் பார்த்தார். அது பெயர் எழுத வேண்டிய இடத்துக்கு வந்தது.

"மாஸ்ரர், இன்னொண்டு கிடக்கு."

"என்ன கிடக்கு?"

"விடை. ஒன்பது."

குரல் அவருக்கே கேட்கவில்லை. மாஸ்ரருக்குக் கேட்டது. பேனையை வைத்துவிட்டு, தாளின் ஓரத்தில் இரண்டை ஒன்பது தரம் பெருக்கினார். பதினேழைக் கூட்டினார். இருபத்து மூன்றின் வர்க்கத்தைப் பெருக்கிப் பார்த்தார். நம்பாமல் கீழே மறுபடி பெருக்கினார். வெளியே பாலை மரத்தில் குரங்குகள் பாய்ந்து சருகு கொட்டியது.

"எப்ப கண்டனீங்கள்?"

"காலமை. பிள்ளையள் எழுதிக்கொண்டிருக்கேக்க."

"ஏன் அப்பவே சொல்லேல்லை?"

"பயந்திட்டன்."

மாஸ்ரர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ரீச்சருக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சாறத்தில் துடைத்தார். "பத்துக்கு மேல? இன்னும் கிடக்கோ?"

"இரட்டை அடுக்கில ஆறைத் தவிர இல்லை. அது நிச்சயம். இரட்டை எண்டால் இரண்டின்ர வலுவே ஒரு வர்க்கம். இரண்டு வர்க்கத்துக்கு நடுவில பதினேழு இடைவெளி ஒரே ஒரு இடத்திலதான் விழும், அறுபத்து நாலுக்கும் எண்பத்தொண்டுக்கும் நடுவில. ஒற்றை அடுக்குத்தான் எனக்குத் தெரியேல்லை."

"எங்களில ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாத கணக்கைப் போட்டு, 'இல்லை' எண்டு எழுதினால் ஒரு புள்ளி எண்டு நானும் எழுதி வச்சிருக்கிறன்." மாஸ்ரர் தனக்குள் சொல்வதுபோல் சொன்னார். பிறகு எழுத ஆரம்பித்த முடிவைக் கிழித்து நாலாக மடித்துப் பொக்கற்றில் போட்டார். பரீனாவின் தாளையும் ஜெகதீஸ்வரியின் தாளையும் எடுத்து மேசையில் அருகருகே வைத்தார். இரண்டு கடைசி வரிகளும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. பரீனாவின் தாளை அவர் ஒருமுறை தடவிக்கொடுத்தார்.

"இந்தப் புள்ளையின்ர உம்மா சபூறாவுக்கு நான் சொல்லிப்போட்டு வந்தனான், கிடைச்ச மாதிரித்தான் எண்டு," என்றார். "அது என்ர பாடு. இப்ப நீங்கள் சொல்லுங்கோ ரீச்சர். இந்த இரண்டு வரியில எது சரி?"

"மாஸ்ரர், நீங்களே..."

"நான் சொன்னால் நான் சொன்னதாய்ப் போகும். நாளைக்கு நீங்களும் நிம்மதியாய், 'நான் இல்லை, மாஸ்ரர்தான்' எண்டு சொல்லுவியள். கணக்கைப் போட்டது நீங்கள். விடை கண்டது நீங்கள். நீங்கள்தான் சொல்லோணும். பார்த்தவரைக்கும், நினைக்கிறன் எண்டெல்லாம் எனக்கு வேண்டாம்."

அரைச்சுவருக்கு அப்பால் வீரகத்தி சால்வையை விரித்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இரண்டு பெண்களும் சருகைக் கூட்டிக் கோடு கீறி ஏதோ விளையாடிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் மேசை தெரியும். மேசையில் என்ன நடக்கிறது என்பதும் தெரியும். பஸ் சந்தியில் ஹோர்ன் அடித்தது. மாஸ்ரர் எழும்பவில்லை.

ரீச்சர் கழுத்துச் சங்கிலியிலிருந்து விரலை எடுத்தார். சங்கிலி சுற்றிய தடம் சிவப்பாக இருந்தது. அந்த விரலைக் கொண்டுபோய் ஜெகதீஸ்வரியின் தாளில், 'மேலும் இருக்கலாம்' என்ற இடத்தில் வைத்தார்.   மாஸ்ரர் சிவப்புப் பென்சிலை எடுத்து, பரீனாவின் புள்ளியை வெட்டி, இந்தத் தாளில் எழுதி முடிக்கும்வரைக்கும் ரீச்சர் விரலை எடுக்கவில்லை.